பாறையில் அடிபட்ட அவுட்போர்ட் எஞ்சின்: சேதத்தை வரிசையாகக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

படகின் பின்பலகையில் பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின் நீருக்கடியில் கல்லில் அடிபட்ட பிறகு, கரைக்கு வந்தவுடன் பெரும்பாலானோர் செய்கிற முதல் வேலை, கயிற்றை இழுத்து எஞ்சினை இயக்கிப் பார்ப்பதுதான். அடிபட்ட எஞ்சின்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், இயக்கிப் பார்ப்பதை இந்த வழிகாட்டியின் கடைசிப் படியாக வைத்திருக்கிறேன். கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், எஞ்சின் சுழலும்போது அது ஒயிலோடு கடையப்பட்டுவிடும். உடைந்த உலோகத் துணுக்கு ஏதேனும் உள்ளே கிடந்தால், அது பற்களுக்கு நடுவே போய் நல்ல பல்லையும் உடைக்கும். காலையில் ஒரு சீலோடு (தண்ணீர் புகாமல் தண்டைச் சுற்றி அடைக்கும் றப்பர் வளையம்) முடிந்திருக்க வேண்டிய செலவு, மாலைக்குள் முழுக் கியர்ப் பெட்டியின் செலவாக மாறுவது இப்படித்தான்.

இங்கே சொல்லப்படுபவை பைபர் படகுகளில் நாம் பூட்டுகிற 8 முதல் 40 குதிரைவலு வரையிலான எஞ்சின்களுக்குரியவை. மண்ணெண்ணெயில் ஓடுவதற்கும் பெற்றோலில் ஓடுவதற்கும் கியர்ப் பெட்டியும் புரொப்பெல்லரும் உள்ள கீழ்ப்பகுதியின் அமைப்பு ஒன்றுபோலவே இருப்பதால் படிகள் மாறா.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பிளக் சாவி, குறடு, புரொப்பெல்லர் நட்டுக்குச் சரியான அளவுச் சாவி, கியர் ஒயில் திருகாணிக்குப் பொருந்தும் அகன்ற திருப்புளி, கழுவிக் காயவைத்த இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், சிறிது மண்ணெண்ணெய், வெள்ளைச் சோக்குக்கட்டி, முறுக்கான ஒரு துண்டுக் கம்பி, பழைய வெள்ளைத் துணி ஆகியவை பெரும்பாலான சோதனைகளுக்குப் போதும். திருகாணிகளுக்குரிய புதிய கஸ்கெட்டுகளையும், புரொப்பெல்லர் நட்டு கழன்றுவிடாமல் காக்கும் புதிய கொட்டர் பின்னையும், உங்கள் எஞ்சினின் கைநூல் சொல்லும் கியர் ஒயிலையும் வாங்கி வைத்த பின்னரே திருகாணியில் கை வைக்க வேண்டும். ஒயிலை இறக்கிவிட்டு, கடை பூட்டியிருக்கிறது என்று வெறும் பெட்டியோடு இரண்டு நாள் விட்டுவைத்தால், உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்குகளில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

திருப்புளியின் அகலத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒடுங்கிய திருப்புளியால் முயன்று திருகாணியின் தலையைச் சிதைத்தவர்களே, கல்லால் வந்த சேதத்தைவிடப் பெரிய தொல்லையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

2. அடிபட்ட அடுத்த நிமிடம், கடலிலேயே

அடி விழுந்த உடனே வேகத்தைக் குறைத்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது படகில் உள்ளவர்களை. பின்னர் படகின் அடியை. கால்மாட்டுப் பலகையைத் தூக்கி, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே எஞ்சினின் முறை வரும். திருகோணமலையில் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவர்கள் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முருகைக்கல் (பவளப்பாறை) எஞ்சினைத் தொடும் ஆழத்தில், அது படகின் அடியையும் தொட்டிருக்கக் கூடும்.

பிறகு எஞ்சினைத் தூக்கி மூன்று விடயங்களைப் பாருங்கள். புரொப்பெல்லரின் இதழ்கள் எல்லாம் இருக்கின்றனவா, கீழே மீன் செட்டை போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக் நேராக இருக்கிறதா, சுற்றியுள்ள தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிகிறதா. மூன்றாவது அடையாளம் தெரிந்தால் கியர்ப் பெட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது அல்லது சீல் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடிபட்டபோது எந்த வேகம், முன்கியரா பின்கியரா, எஞ்சின் தானாக மேலே எகிறியதா என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிப் போகும்போது அடிபட்டால் எஞ்சின் எகிறி, அடியின் ஒரு பகுதியைத் தணித்துவிடும். பின்கியரில் பூட்டு விழுந்திருப்பதால் அது எகிறாது. முழு அடியும் புரொப்பெல்லருக்கும் பின்பலகைக்கும் போகும். எகிறாமல் இருக்கட்டும் என்று எஞ்சினைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவைக்கும் பழக்கமும் அதே கேட்டைத்தான் தரும். தவறி விழாமலிருக்கத் தொய்வாகக் கட்டுவது வேறு.

3. அதே எஞ்சினில் கரைக்கு வரலாமா

எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, பிளக் வயரை எடுத்துவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, புரொப்பெல்லர் தண்டு வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தாலோ, எஞ்சினை இயக்காமல் இன்னொரு படகைக் கொண்டு இழுத்து வருவதே சரி. இதழின் ஓரம் மட்டும் சிதைந்திருந்தால், மிகக் குறைந்த வேகத்தில் வரலாம். எஞ்சின் பிடியில் கையை வைத்துக்கொண்டே வாருங்கள். அதிர்வு கூடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

திருகோணமலையின் கொட்டியார் குடாவில் மழைக்குப் பின் மகாவலி ஆறு கொண்டுவரும் கலங்கலில், அடிபட்டது கல்லா, மிதந்து வந்த மரமா என்றே தெரியாது. எதுவானாலும் இந்த முடிவு மாறாது.

4. கரையில் முதல் வேலை: பிளக்கைக் கழற்றுவது

புரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயர்களை எடுத்து, பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் கியரில் இருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் மேலே கயிற்றால் சுழற்றப்படும் கனமான சக்கரமான பிளைவீலும் சுற்றும். பிளக் வயர் மாட்டியிருந்தால் எஞ்சின் பற்றிக்கொண்டு விரலைப் பறித்துவிடக் கூடும். பிளக் இல்லாதபோது சிலிண்டருக்குள் அழுத்தமும் இராது; அதனால் கையில் உணரப்படும் இறுக்கம் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலிருந்து வருவதாகக் கொள்ளலாம். பாதுகாப்புக்காகச் செய்வது சோதனைக்கும் உதவுகிறது.

எஞ்சினைப் படகிலோ ஸ்டாண்டிலோ செங்குத்தாக நிறுத்தி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஒயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், இரவு முழுவதும் நின்றால் அது கியர்ப் பெட்டியின் அடியில் இறங்கி நிற்கும்; மறுநாள் காலையில் நமக்கு வேண்டிய சாட்சி அதுதான்.

5. கியர் ஒயில்

கியர்ப் பெட்டியில் இரண்டு திருகாணிகள் இருக்கும்: அடியில் ஒன்று, புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் கவிட்டேஷன் தகட்டுக்குச் சற்றுக் கீழே ஒன்று. கழுவிய போத்தலைக் கீழே பிடித்துக்கொண்டு, மேல் திருகாணியைத் தொடாமல், அடித்திருகாணியை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். மேலே காற்று போக வழியில்லாததால் ஒயில் பீறிட்டு வராமல் சிறிது சிறிதாகக் கசியும். முதலில் வருகிற இரண்டு மூன்று கரண்டி அளவுதான் முக்கியம். தெளிந்த தண்ணீர் முதலில் வந்தால், அது அண்மையில் புகுந்தது. அதன் பின்னரே மேல் திருகாணியைக் கழற்றி முழு ஒயிலையும் இறக்க வேண்டும்.

நிறத்தைப் படிப்பதற்கு நம் கடைத் தேநீரே அளவுகோல். வெறுந்தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் பழைய ஒயில். அது கல்லின் குற்றமன்று. பால் தேநீர் போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்து கடையப்பட்டிருக்கிறது, அதாவது தண்ணீர் புகுந்த பின்னும் எஞ்சின் ஓடியிருக்கிறது.

ஆனால் பால் நிறத்தைக் கண்டவுடன் கல்லைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. புரொப்பெல்லருக்குப் பின்னால் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சீலின் உதட்டை அறுத்திருக்கலாம். வலைக்குப் போகும் படகுகளில் இது அடிக்கடி நடப்பது. அடுத்த படியில் புரொப்பெல்லரைக் கழற்றும்போது, தண்டில் தங்கூசி உருகி வளையம் போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கசிவு கல்லில் அடிபடுவதற்கு முன்பே தொடங்கியிருக்கக் கூடும்.

நிறத்துக்கு அடுத்தது உலோகம். சில துளி ஒயிலை உள்ளங்கையில் விட்டு, வெயிலில் சாய்த்துப் பார்த்து, பெருவிரலால் தேயுங்கள். காந்தமுள்ள திருகாணியின் நுனியில் சாம்பல் நிறப் பசை போல மெல்லியதாக ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நெல் உமி அளவில் கூரான தகடோ, விரலில் குத்தும் ஊசித் துணுக்கோ தெரிந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அங்கே உங்கள் சோதனை முடிகிறது. கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பிரிக்கத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் இருந்து, திருத்துவதற்குச் சில நாளாகும் என்றால், புதிய ஒயிலை நிரப்பித் தண்டைக் கையால் பல தடவை சுற்றிவிடுங்கள். பேரிங்குகளின் மேல் ஒயில் படிந்திருந்தால் உப்பு உடனே அரிக்காது. ஒயிலை எப்போதும் அடித்துளை வழியாக, மேல் துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி, பெட்டி நிரம்பியது போலப் பொய்க்காட்சி தரும். மூடும்போது மேல் திருகாணியை முதலிலும் அடித்திருகாணியைப் பிறகும் பூட்டுங்கள். மேலே அடைத்துவிட்டால், கீழே குழாயை எடுத்துத் திருகாணியை வைக்கும் இடைவெளியில் அதிகம் ஒழுகாது.

6. புரொப்பெல்லரா, தண்டா: குழப்பத்தைப் பிரிப்பது

ஒரு தம்பி வளைந்த புரொப்பெல்லரைக் கையில் கொண்டு வந்து, "அண்ணை, இதை மாத்தினாச் சரிதானே?" என்று கேட்டார். எஞ்சினையும் கொண்டு வரச் சொன்னேன்; வரவில்லை. புதிய புரொப்பெல்லரைப் பூட்டி மூன்று தரம் கடலுக்குப் போனபின் எஞ்சினோடு வந்தார். வளைந்த தண்டு ஆடி ஆடிச் சீலை விரித்து, உள்ளே உப்புத் தண்ணீர் புகுந்து, பேரிங் செம்மண் நிறத்தில் இருந்தது. வளைந்த இதழ் வெளியே தெரிகிற சேதம் என்பதால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய முறுக்கான கம்பித் துண்டு ஒன்று போதும். புரொப்பெல்லரைக் கழற்றுவதற்கு முன், கியரை நியூட்ரலில் வைத்து, கம்பியின் நுனி ஓர் இதழின் முனையை மயிரிழை இடைவெளியில் தொட நிற்கும்படி கவிட்டேஷன் தகட்டில் இறுக்கிக் கட்டுங்கள். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு இதழும் அதே இடைவெளியில் கடக்க வேண்டும். ஓர் இதழ் மட்டும் முன்னோ பின்னோ விலகினால் அந்த இதழ் வளைந்திருக்கிறது.

பிறகு கொட்டர் பின், நட், வாஷர்கள் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி, புரொப்பெல்லரை இழுத்தெடுங்கள். உள்ளே இருக்கும் தடித்த வாஷர் சரிவான பக்கத்தைக் கொண்டது. அதை மறுபக்கமாகப் போட்டுப் பூட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி காண்கிற தவறு.

இப்போது கம்பி நுனியைத் தண்டின் மரை இல்லாத வழவழப்பான பகுதிக்கு நகர்த்தி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தண்டைச் சுற்றுங்கள். தாளின் வெண்மைக்கு எதிரே இடைவெளி விரிந்து சுருங்குவது நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற எந்த விரிவும் ஏற்கத்தக்கதன்று. துல்லியமான எல்லையை டயல் கேஜ் (மிகச் சிறிய விலகலையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) கொண்டு அளந்து, உங்கள் எஞ்சினின் கைநூலோடு ஒப்பிட வேண்டும். தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். முன்பின்னாகச் சிறிது நகர்வது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் பேரிங் சேதத்தைக் காட்டும். வளைந்த தண்டைச் சுத்தியலால் நிமிர்த்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நிமிர்ந்தது போலத் தெரியும், உள்ளே சீல் ஓடும் இடத்தில் வளைவு அப்படியே இருக்கும்.

7. எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை

இந்தக் குறிக்கு இரண்டு காரணங்கள் பொதுவானவை. மிகச் சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு சேர்ப்பது ஒரு மெல்லிய பின். அடிபட்டால் கியரைக் காப்பாற்ற அது தானே முறிந்துகொள்ளும். முறிந்த பின்னுக்குப் பதிலாக ஆணியை வெட்டிப் போடுகிறவர்கள், அடுத்த அடியைக் கியரின் பல்லுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

பெரிய எஞ்சின்களில் அந்த வேலையைப் புரொப்பெல்லருக்குள் இருக்கும் றப்பர் புஷ் செய்கிறது. அடியில் றப்பர் விட்டுப்போனால், மெதுவாகப் போகும்போது படகு நகரும், வேகம் கொடுத்தால் எஞ்சின் மட்டும் இரையும். உட்குழாயிலிருந்து வெளிச்சுற்று வரை நகப்பூச்சால் ஒரே நேர்க்கோடு போட்டு வையுங்கள். பின்னர், 12ஆம் படியில் கடலில் ஓட்டி வந்தபின் கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர் வழுக்குகிறது என்பது உறுதி.

8. வெடிப்பைத் தேடுதல்

ஸ்கெக் உடைந்து போனது பார்க்க அசிங்கமாக இருந்தாலும், அதனால் மட்டும் எஞ்சின் கெடாது. திருப்பும்போது படகு சற்றுப் பக்கம் இழுக்கும். கவலைப்பட வேண்டியது, ஸ்கெக்கின் வேரிலிருந்து பெட்டிக்குள் ஓடும் மயிரிழை வெடிப்பைப் பற்றித்தான்.

அதைக் காண நமது மண்ணெண்ணெயே மருந்து. பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, ஸ்கெக்கின் வேர், முன்மூக்கு, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைச் சுற்றிய பகுதி, மேல்தண்டோடு சேரும் மூட்டு ஆகிய இடங்களில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்துத் துணியால் நன்கு துடைத்துவிட்டு, சோக்குத் தூளைப் பூசிக் காத்திருங்கள். வெடிப்பு இருந்தால், அதற்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் ஊறி வந்து, வெள்ளைச் சோக்கின் மேல் மெல்லிய ஈரக் கோடாகத் தெரியும். பூச்சில் விழுந்த கீறல் இப்படி ஊறாது. பெயின்ற் தடிப்பாக இருந்தால், சந்தேகமான இடத்தில் மட்டும் அதைச் சுரண்டிவிட்டுச் செய்ய வேண்டும்.

கியரும் சீலும் உள்ளே இருக்கையில் பெட்டியை வெல்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். சூடு சீலைக் கருக்கிவிடும். வெடிப்பை அடைத்த கையோடு புதிய கசிவு தொடங்கும்.

9. கியர் மாற்றமும் மேலே போன அடியும்

நியூட்ரலில் தண்டு இரு பக்கமும் தடையின்றிச் சுற்ற வேண்டும். முன்கியரிலும் பின்கியரிலும் அது பிடித்து, பிளைவீலையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். சில எஞ்சின்களில் முன்கியர் ஒரு பக்கம் மட்டும் டக் டக்கென்று வழுக்கிப் போகும், அது அமைப்பே அப்படி. நெம்புகோல் முன்பைவிட அதிகமாக நகர்ந்தாலோ, நியூட்ரலில் இழுத்துப் பிடித்தாலோ, கியர்க் கம்பி வளைந்திருக்கலாம்.

புரொப்பெல்லர் ஒரேயடியாக நின்றபோது, பிளைவீலைக் கிராங்க் தண்டோடு பிணைத்திருக்கும் சிறு உலோகத் துண்டு (கீ) நசுங்கியிருக்கவும் கூடும். அப்போது பற்றவைக்கும் நேரம் பிசகி, எஞ்சின் கயிற்றைப் பின்னோக்கி உதறும், அல்லது கார்புரேற்றர் வழியாக வெடிக்கும். பலர் அப்போது கார்புரேற்றரைக் கழுவிக் கழுவி நாளைக் கழிப்பார்கள். பிளைவீலை அதற்குரிய புல்லரால் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டுமே கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் தண்டின் நுனி போய்விடும்.

10. பின்பலகையும் பிராக்கெட்டும்

எஞ்சினின் அடிமுனையைப் பிடித்து இடம் வலமாகவும் முன்பின்னாகவும் பலமாக ஆட்டி, இன்னொருவரைப் பின்பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் றப்பர் மவுண்ட் போயிருக்கிறது. பிராக்கெட்டும் சேர்ந்து ஆடினால் பிடிதிருகுகள் தளர்ந்திருக்கின்றன. பின்பலகையே வளைந்து கொடுத்தால், பைபருக்குள் இருக்கும் மரப்பலகை உடைந்தோ உக்கியோ இருக்கும். மேலே சிலந்தி வலை போல வெடிப்புகள் தெரியும். இதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறவர் எஞ்சினையே கடலுக்குக் கொடுக்க நேரிடும்.

11. காற்றழுத்தச் சோதனை

வெடிப்பும் வளைவும் காணாமல், ஒயிலில் மட்டும் தண்ணீர் வந்திருந்தால் இந்தச் சோதனை அவசியம். ஒயிலை இறக்கிய பெட்டியின் அடித்திருகாணியைப் பூட்டிவிட்டு, மேல் துளையில் அளவுமானியுள்ள கைப்பம்பைப் பொருத்தி, சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் (psi) அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். 14ஐத் தாண்ட விடக் கூடாது. தாண்டினால் நல்ல சீலையும் நீங்களே பிதுக்கிவிடுவீர்கள். கராஜில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயைக் கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

முள் இறங்கினால் சவர்க்காரத் தண்ணீரைப் பூசி, குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். தண்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். நிற்கும்போது கசியாமல், சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் குமிழி விடுகிற சீல், பெரும்பாலும் வளைந்த தண்டின் மேல் இருக்கும். அங்கே புதிய சீலைப் போட்டு மூடினால் அடுத்த மாதம் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.

12. இயக்கிப் பார்த்தல்

மேலே உள்ளவற்றில் குற்றம் எதுவும் இல்லையென்றாலோ, கண்ட குற்றம் திருத்தப்பட்ட பின்னரோதான் எஞ்சினை இயக்கலாம். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிய நிலையில், உறிஞ்சும் சல்லடை நன்றாக மூழ்கும்படி தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி இயக்குங்கள். குளிர்நீர்த் தாரை பின்பக்கச் சிறுதுளையில் உடனே பீச்ச வேண்டும். அரை நிமிடத்துக்குள் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். அடிபட்டபோது மணலும் முருகைக்கல் தூளும் உறிஞ்சப்பட்டிருக்கலாம். துளையைக் கம்பியால் குத்திப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் தண்ணீர்ப் பம்பின் றப்பர் சக்கரத்தை மாற்ற வேண்டும்.

கடல் ஓட்டத்தைக் காற்று எழும்புவதற்கு முந்திய காலை நேரத்தில், கரையோரமாக, துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் துணைக்கு இன்னொரு படகும் இருக்கச் செய்யுங்கள். பத்து நிமிடம் மெதுவாக, பிறகு பாதி வேகம், கடைசியாகச் சில நிமிடம் முழு வேகம். பிடியில் நடுக்கம் வந்தால் புரொப்பெல்லரின் சமநிலை பிசகியிருக்கலாம். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போனால் தண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.

கரைக்கு வந்து எஞ்சினை மீண்டும் ஓர் இரவு செங்குத்தாக நிறுத்தி, மறுநாள் அடித்திருகாணியைத் தளர்த்தி இரண்டு கரண்டி ஒயிலை இரண்டாவது போத்தலில் பிடியுங்கள். பிடித்த அளவுக்குப் புதிய ஒயிலை ஏற்றிவிட்டு, போத்தலில் திகதியை எழுதி, முதல் போத்தலுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பாருங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு அதே சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். சீலின் மெல்லிய கசிவு முதல் ஓட்டத்தில் தெரியாமல், அப்போதுதான் பால் நிறமாகத் தலைகாட்டும்.